முழுப்பெயர்

திங்கட்கிழமை சுற்றுநிருபம் சிங்களத்தில் வந்தது.
இணைப்பு ஒன்றும் இரண்டும் ஆங்கிலத்தில்.
"தமிழ்ப் பிரதி பின்னர் அனுப்பப்படும்"
என்ற ஒற்றை வரி மட்டும் தமிழில்.
அந்தப் 'பின்னர்' நான்தான்.

சாவகச்சேரியிலிருந்து இடமாற்றம்.
நோர்வூட்டில் இது மூன்றாம் வருடம்,
நாலாவது குடை.

இரண்டு நாடுகள் கையெழுத்திட்ட வீட்டுத் திட்டம்.
ஏழு பேர்ச்சஸ் காணி, இரண்டு அறை,
குசினிக்கு ஒரு ஜன்னல்.
முன்னுரையில் 'நீடித்த நட்பு' மூன்று தரம் வருகிறது,
'கழிவுநீர்' ஒரு தரமும் இல்லை.
ஆங்கிலத்தில் டீட் என்றிருந்தது.
எங்களூரில் அதற்கு உறுதி.
'உறுதி பின்னர் வழங்கப்படும்' என்று எழுதிவிட்டு
பேனையை வைத்துவிட்டுத் திரும்ப வாசித்தேன்.
உறுதியும் பின்னரா?
வேறு சொல் அகப்படவில்லை.
அப்படியே விட்டேன்.

புதன்கிழமை வரிசையில் பதினோராவது ஆள்:
ஸ்ட்ராத்கெல்லி தோட்டம், மேல் டிவிசன்,
லயம் நாலு, காம்பரா ஒன்பது.
விரல் நுனிகளில் கொழுந்துக் கறை.
மடக்கிய குடையிலிருந்து
என் மேசைக் காலடிக்கு ஒரு சிற்றோடை.
படிவத்தின் முதல் கட்டம், சிவப்பு நட்சத்திரம் போட்டது:
முழுப்பெயர்.

சிரித்துவிட்டாள்.
"முழுப்பேருங்களா?
இந்த மாசம் ஆறு நாளுதான் முழுப்பேரு.
மத்ததெல்லாம் அரப்பேரு."

எனக்கு விளங்கவில்லை.
பக்கத்து மேசை ரமீஸா
முத்திரை குத்துவதை நிறுத்தாமலே சொன்னாள்:
அவர்கள் தோட்டத்தில்
பதினெட்டுக் கிலோ நிறுத்தால்தான் அன்றைக்குப் பேர்.
பதினேழரை என்றால் பாதிப் பேர்,
பாதிச் சம்பளம்.
போன வர்த்தமானியில் சம்பளம் கூடிற்று.
கூடிய கையோடு
தராசுக்காரன் கேட்கும் கிலோவும் இரண்டு கூடிற்று.

அந்த வர்த்தமானியைத் தமிழாக்கியது நான்.
'நாட்சம்பளம்' என்று
சந்திப் பிழை இல்லாமல் எழுதியிருந்தேன்.

பாதி என்கிற கணக்கு
இந்த மலைக்கு நேற்று வந்ததில்லை.
முன்பொரு ஒப்பந்தம் ஆட்களை லட்சத்தில் எண்ணியது,
அங்கே இவ்வளவு இங்கே இவ்வளவு என்று.
கணக்கில் அடங்காமல் நின்ற ஒன்றரை லட்சம் பேரை
பத்து வருடம் பொறுத்து, ரொட்டியைப் பிய்ப்பதுபோல்,
ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டன இரண்டு அரசுகளும்.
இவள் பெரியப்பன் அந்தப் பாதியில்,
அப்பன் இந்தப் பாதியில்.
கூடலூரிலிருந்து எண்பத்திரண்டு வரைக்கும்
கடுதாசி வந்ததாம்.
இதைப் படிவம் கேட்கவில்லை.
சேர்வர் உறங்கிய இருபது நிமிடத்தில்
அவளாகச் சொன்னது.

"சரி, பேரைச் சொல்லுங்கோ."
"கனகவள்ளி."
பிறப்புச் சான்றிதழில் கணகவல்லி.
சேமலாப நிதி அட்டையில் கே. வள்ளி.
அடையாள அட்டையில்,
எந்த மேசையில் எந்தக் கை தட்டிற்றோ,
கனகவலி.

சரியானதைத்தான் முதலில் அடித்தேன்.
திரை சிவந்தது: தரவு பொருந்தவில்லை.
பெயர் திருத்த வேண்டுமென்றால் ஐந்து படிவம்,
சமாதான நீதவானின் ஒப்பம்,
ஆறு மாதம், கூடினால் எட்டு.
திட்டத்துக்குக் கடைசித் திகதி
வரும் வெள்ளி.

"இன்னைக்கி மலைக்குப் போகலீங்க,
இன்னைக்கி அரப்பேரும் இல்ல" என்றாள்.
குற்றம் சொல்லும் குரலில் இல்லை,
நேரம் சொல்வதுபோல்.
இரண்டரை பஸ் சந்தியில் ஹோன் அடித்தது.

ளி அழித்தேன். ள் அழித்தேன்.
லி.
பச்சையில் ஒரு சரி விழுந்தது.

"பதிஞ்சாச்சுங்களா?"
"ஓம்."
"முழுசாவா?" என்றாள்,
குடையை விரித்துக்கொண்டே.